ப்ரோவோவுக்குக் குடிபோகலாமா? மார்மன் ஊரில் வெளியாளாக வாழப்போகிறவர்களுக்கு

"ப்ரோவோவில் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா, ஊர் எப்படி?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் நான்கு வருடம் அங்கே குடியிருந்தோம் என்பதால் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேர்கிறது. கேட்கிற எல்லோருக்கும் உள்ளே இருக்கும் பயம் ஒன்றுதான்: பெரும்பாலும் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அந்த ஊர்க்காரர்கள் நம்மை எப்படி நடத்துவார்கள்? நன்றாகவே நடத்துவார்கள், அதில் கவலை வேண்டாம். யோசிக்க வேண்டியது வேறு. ஊரே ஒரு பெரிய கூட்டுக்குடும்பம் மாதிரி இயங்கும்போது, அந்த வீட்டுத் திண்ணையிலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க உங்களால் முடியுமா?

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர். கிழக்கே வாசாட்ச் மலைகள், மேற்கே யூட்டா ஏரி, நடுவில் ஊர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,15,000 சொச்சம். 1875இல் தொடங்கிய பிரிகம் யங் பல்கலைக்கழகம், அதாவது பி.ஒய்.யூ., இங்கேதான் இருக்கிறது. அதை நடத்துவது மார்மன் சபை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், ஏறக்குறைய எல்லோரும் சபை உறுப்பினர்கள். பக்கத்து ஊர் ஓரெம்மில் யூ.வி.யூ. என்ற அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கூட்டம் கொஞ்சம் கலப்பு. இன்னொன்று, 2018இல் சபைத் தலைவரே "மார்மன்" என்ற பெயரைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார். நான் புரிவதற்காக இங்கே எழுதுகிறேன், நீங்கள் அங்கே போய் "லேட்டர்-டே செயின்ட்" என்றே சொல்லுங்கள்.

இப்போது வார்டு, அதாவது சபையின் உள்ளூர்ப் பிரிவு. இதைப் புரிந்துகொண்டால் பாதி ஊர் புரிந்த மாதிரி. நம் மாநகராட்சி வார்டு போலவே தெருக்கணக்கில் எல்லை போட்டுப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு குடும்பமும் தன் வீடு விழுகிற வார்டுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை போகும், பிடித்த பிரசங்கியைத் தேடி வேறு இடம் போவதெல்லாம் வழக்கமில்லை. பிஷப் என்பவர் சம்பளம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்தான், வார நாளில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பார். எல்லோருக்கும் ஒரு பொறுப்பு கொடுத்திருப்பார்கள், அதைக் "காலிங்" என்பார்கள். ஞாயிறு காலை வழிபாடு, திங்கள் இரவு குடும்பத்தோடு, வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளுக்கான கூட்டம், இடையில் யாருக்காவது குழந்தை பிறந்தால் சாப்பாடு கொண்டுபோவது. நேரம் மொத்தமும் அதிலேயே போய்விடுகிறது. உங்களை யாரும் ஒதுக்குவதில்லை, அவர்கள் நாட்காட்டியில் இடம் இல்லை, அவ்வளவுதான். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. அதுவரை நாம் ஏதோ தப்பாக நடந்துகொண்டோம் போலிருக்கிறது என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆகவே முதல் வேலை, போவதற்கு முன்பே உங்களுக்கென்று ஒரு வட்டத்தைப் பார்த்து வைப்பது. போன பிறகு தானாக அமையும் என்று விட்டுவிட்டால் அமையாது. ப்ரோவோவுக்குத் தெற்கே ஸ்பானிஷ் ஃபோர்க்கில் இஸ்கான் அமைப்பின் ராதா கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. அங்கே நடக்கும் ஹோலிக்கு ஆயிரக்கணக்கில் பி.ஒய்.யூ. மாணவர்கள் வந்து வண்ணப்பொடியில் புரளுவார்கள், அது பார்க்க வேண்டிய காட்சி. பிள்ளையாரைப் பார்க்க வேண்டுமென்றால் சவுத் ஜோர்டனில் கணேசர் கோயில், காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஓரெம்மில் தேவாலயம் உண்டு. கோயில் குளம் எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு மலையேறுபவர்கள், சைக்கிள்காரர்கள், பனிச்சறுக்குக்காரர்கள் என்று கூட்டம் இருக்கிறது. ஞாயிறு காலையில் மலைப்பாதையில் எதிரே வருகிறவர் உங்களைப் போலவே வெளியாளாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் நெருங்கிய நண்பர்கள் இரண்டு பேர் அப்படிக் கிடைத்தவர்கள்தான்.

இரண்டாவது வேலை, வீடு பார்ப்பதற்கு முன் ஊரை இரண்டு முறை பார்ப்பது. மே மாதம் வராதீர்கள். மே மாதம் யார் வந்தாலும் அந்த மலையில் மயங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். சென்டர் தெருவில் நடந்து பாருங்கள், கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பல்கலைக்கழக வளாகம் ஓய்ந்து கிடக்கும், சால்ட் லேக்குக்குப் போகும் ஃப்ரன்ட்ரன்னர் ரயில் அன்றைக்கு ஓடாது. வால்மார்ட்டும் காஸ்ட்கோவும் திறந்திருக்கும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் அந்த அமைதி உங்களுக்கு நிம்மதியாக இருக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று பாருங்கள். வருடத்துக்கு 52 ஞாயிறு.

இன்னொரு முறை ஜனவரியில் வாருங்கள். இதை விளம்பரப் புத்தகங்கள் சொல்வதில்லை. குளிர்காலத்தில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தங்கிவிடும், மேலே வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும், சுற்றிலும் மலை, ஆகவே வண்டிப் புகையும் வீட்டுப் புகையும் போக இடமில்லாமல் நாள்கணக்கில் தேங்கும். "இன்வர்ஷன்" என்பார்கள். அடுத்த புயல் வந்து கலைக்கும்வரை வானம் பழுப்பாகவே இருக்கும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். மற்றவர்கள் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிக்கொள்ளலாம், அல்லது மூட்டத்துக்கு மேலே மலைக்குப் போய்விடலாம், அங்கே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும்.

சரி, வீடு. விளம்பரத்தில் "பி.ஒய்.யூ. ஒப்பந்த வீடு" என்று இருந்தால் குடும்பத்தோடு வருகிறவர்கள் அப்படியே தாண்டிப் போங்கள். அது திருமணமாகாத மாணவர்களுக்கானது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, எதிர்பாலர் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்பது வரை விதி உண்டு, மாணவர் அல்லாதவர் தங்கினாலும் அந்த விதிகளுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகையும் பெரும்பாலும் வீட்டுக்கு இல்லை, தலைக்கு. குறைந்த வாடகை என்று பார்த்து ஏமாறாதீர்கள், அது ஒரு கட்டிலுக்கான விலை, அறையில் இன்னொருவர் இருப்பார். வளாகத்துக்குத் தெற்கே உள்ள தெருக்கள் முழுக்க மாணவர் கூட்டம். மலையடிவாரத்தில் வடகிழக்குப் பக்கம் தலைமுறையாக இருக்கும் பெரிய குடும்பங்கள், அழகான தெருக்கள், வார்டு வாழ்க்கை அடர்த்தியாக இருக்கும். நகர மையமும் தென்பக்கமும் கொஞ்சம் கலப்பு, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் அங்கே அதிகம். என்னைக் கேட்டால் வெளியாள் குடும்பத்துக்கு நகர மையத்தையோ ஓரெம்மையோதான் சொல்வேன். நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து தனி வீடு எடுக்க நினைத்தால் கவனம், உறவினரல்லாதவர் ஒரே வீட்டில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குப் பல பகுதிகளில் நகராட்சிக் கட்டுப்பாடு உண்டு. அப்புறம் வண்டி நிறுத்துமிடம்! தனியார் இடத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே போய் வந்தால் வண்டி இருக்காது. குடிபோன முதல் வாரமே எங்கள் வண்டியை மீட்கப் போனோம்.

முகவரி விசித்திரமாக இருக்கும். "200 வடக்கு 900 கிழக்கு" என்றால் நகர மையத்திலிருந்து வடக்கே இரண்டு தெரு, கிழக்கே ஒன்பது தெரு. முதலில் தலை சுற்றும், ஒரு வாரத்தில் பழகிவிடும். குழம்பினால் நிமிர்ந்து பாருங்கள், பெரிய மலை இருக்கும் பக்கம் கிழக்கு.

காபி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சபை உறுப்பினர்கள் காபி, டீ, மது, புகையிலை தொட மாட்டார்கள். அது அவர்களுக்கான விதி, உங்களுக்கு இல்லை. கடையில் காபிப் பொடி கிடைக்கும், ஊரில் நல்ல காபிக் கடைகளும் சில உண்டு, வீட்டில் உங்கள் ஃபில்டர் பாட்டுக்கு இறங்கட்டும். வேடிக்கை என்னவென்றால், காஃபின் கலந்த சோடாவுக்குத் தடை கிடையாது (பி.ஒய்.யூ. வளாகத்திலேயே 2017 முதல் விற்கிறார்கள்), ஆகவே சோடாவில் தேங்காய் சிரப்பும் கிரீமும் ஊற்றித் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு. பார்க்கவே பல் கூசும். "காபி குடிக்கப் போகலாமா" என்று அழைப்பதற்குப் பதில் "சோடா வாங்கலாமா" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் உடனே கிளம்பிவிடுவார். மது அருந்துபவர்களுக்கு: மளிகைக் கடையில் 5 சதவீதம் வரையான பியர் மட்டும்தான், ஒயினும் மற்றதும் அரசே நடத்தும் கடையில், நம் ஊர் டாஸ்மாக் போலத்தான், ஆனால் ஞாயிறு விடுமுறை. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கான வரம்பு இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதம், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் 0.08. ஒரு கோப்பைதானே என்று சாவியை எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். கைக்குழந்தை வயதில் எந்தச் சிக்கலும் இல்லை. பூங்காக்கள், நூலகம், தெரு நிறையக் குழந்தைகள், இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம். எட்டு வயதில் அவர்களுக்கு ஞானஸ்நானம் நடக்கும், வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அதைப் பற்றியே பேசுவார்கள், உங்கள் பிள்ளை "எனக்கு எப்போது?" என்று வந்து நிற்கும். பதில் தயாராக இருக்கட்டும். பன்னிரண்டை ஒட்டி இளைஞர் கூட்டங்கள், முகாம்கள் தொடங்கும்போதுதான் விலகல் தெரியும். உயர்நிலைப் பள்ளியில், பள்ளி நேரத்திலேயே ஒரு பாடவேளை வெளியேறிப் பக்கத்துக் கட்டடத்தில் சபையின் மத வகுப்புக்குப் போய்வர அனுமதி உண்டு, அந்த நேரத்தில் யார் போகவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொடுமைப்படுத்த மாட்டார்கள். ஆனால் பதின்ம வயதில் தனியாக நிற்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது, உங்கள் பிள்ளையை உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று, ஒரு மாணவருக்குச் செய்யும் செலவில் யூட்டா அமெரிக்காவிலேயே அடிமட்ட மாநிலங்களில் ஒன்று, வகுப்பில் கூட்டம் இருக்கும்.

படிக்கவே போகிறீர்கள், அதுவும் பி.ஒய்.யூ.வில் என்றால் நடத்தை விதி உங்களையும் கட்டும், நீங்கள் எந்த மதமானாலும். காபி, மது கிடையாது, திருமணத்துக்கு வெளியே உடலுறவு கிடையாது, தன்பாலினத்தவரோடு காதல் உறவு கிடையாது, மதக் காரணமோ மருத்துவக் காரணமோ இன்றித் தாடியும் கிடையாது. உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணம் இரண்டு மடங்கு. அப்படியும் பல தனியார் பல்கலைக்கழகங்களைவிடக் குறைவுதான், படிப்பும் தரமானது. இந்த விதிகளோடு மூன்று நான்கு வருடம் மறைத்து மறைத்து வாழலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் யூ.வி.யூ.வையோ சால்ட் லேக்கில் உள்ள யூட்டா பல்கலைக்கழகத்தையோதான் காட்டுவேன்.

தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் கேட்டால் மழுப்பாமல் சொல்கிறேன்: கஷ்டமான ஊர், ஆனால் ஆளே இல்லாத ஊர் இல்லை. வேலையிலும் வாடகை வீட்டிலும் பாகுபாட்டைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 2015இல் வந்தது, மத நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. இவர்களில் இளைஞர்களுக்கு ஆதரவாக 2017இல் தொடங்கிய என்சர்க்கிள் இல்லம் நகர மையத்திலேயே இருக்கிறது. முடிந்தால் சால்ட் லேக்கில் குடியிருந்து ரயிலில் வேலைக்கு வாருங்கள்.

வேலை நிறைய இருக்கிறது. கருத்துக்கணிப்பு மென்பொருள் நிறுவனமான குவால்ட்ரிக்ஸ் தொடங்கியது இங்கே, வடக்கே லீஹை பக்கம் மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன. கூடவே ஆள் சேர்த்துப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கும் இந்தப் பள்ளத்தாக்கு தாய்வீடு, ஆகவே பாசமாகச் சாப்பிடக் கூப்பிடுகிறவர் இனிப்பு வந்ததும் விற்பதற்கான வாசனை எண்ணெய்ப் புட்டியைத் திறந்தால் அதிர்ச்சியடையாதீர்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள், "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மிஷனரிகளுக்கும் அதே வழிதான். வெள்ளைச் சட்டை, டை, சட்டையில் பெயர்ப்பட்டை, இரண்டு பேராக வருவார்கள், பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள். தண்ணீர் கொடுங்கள், விருப்பமில்லை என்றால் தெளிவாகச் சொல்லுங்கள், சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நாம் பண்பாக இழுத்தால் அவர்கள் நம்பிக்கையோடு திரும்ப வருவார்கள். அலுவலக நண்பரின் கல்யாணம் "டெம்பிள்" எனப்படும் சபையின் தனி ஆலயத்துக்குள் நடந்தால் உங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, மணமகளின் சொந்த அம்மாவே உறுப்பினராக இல்லாவிட்டால் வெளியேதான் நிற்பார். மாலை வரவேற்புக்குப் போங்கள். சாதாரண ஞாயிறு வழிபாட்டுக்கு யாரும் போகலாம், ஒரு தடவை போய்வந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு பாதி விளங்கும்.

சாமான் இறக்கும் நாளை ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் வைக்காதீர்கள், அப்போது மாணவர் கூட்டம் மொத்தமும் வீடு மாறும், வாடகை லாரி கிடைக்காது. வேறு நாளில் போனால் நீங்கள் கேட்காமலேயே வார்டு ஆண்கள் ஏழெட்டுப் பேர் வந்து சோபாவைத் தூக்குவார்கள், தயங்காமல் தூக்க விடுங்கள், அதில் சூது ஒன்றும் இல்லை. சாயங்காலம் யாராவது வீட்டில் சுட்ட ரொட்டியோடு கதவைத் தட்டுவார்கள். காகிதத் தட்டில்தான் கொண்டுவருவார்கள், திருப்பித் தரும் வேலை உங்களுக்கு வேண்டாமே என்று. நம் வீட்டில் வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் இல்லையே, அதனால் நாங்கள் அடுத்த வாரம் அதே தட்டில் முறுக்கு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த வீட்டோடு மட்டும் இன்றுவரை தொலைபேசியில் பேச்சு இருக்கிறது.