பிடிவி பாஸ் ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் நலமா? ஆயில் டெஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பீன்யா தொழிற்சாலையோ ஒயிட்ஃபீல்டு அபார்ட்மென்டோ, மெயின்டெனன்ஸில் இருக்கும் நம்மவர்களிடம் டிரான்ஸ்ஃபார்மர் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பிடிவி 60 வந்திருக்கு சார், கவலையில்லை" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். இந்தப் பதில்தான் எனக்குக் கவலை தருகிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் இன்சுலேஷன் ஆயில், இரண்டு எலக்ட்ரோடுகளுக்கு நடுவே 2.5 மி.மீ. இடைவெளியில் எத்தனை கிலோவோல்ட் தாங்குகிறது என்பதுதான் பிடிவி, அதாவது பிரேக்டவுன் வோல்டேஜ். ஈரமும் நாரும் தூசியும் சேர்ந்தால் அது இறங்கும், அவ்வளவுதான். உள்ளே ஒரு ஜாயின்ட் லூசாகிச் சூடேறிக்கொண்டிருந்தாலும் பிடிவி 60 வரலாம்.

அந்தச் சூட்டைக் காட்டுவது டிஜிஏ, அதாவது ஆயிலில் கரைந்திருக்கும் வாயுக்களை அளக்கும் டெஸ்ட். எத்திலீன் ஏறினால் எங்கோ கடுமையாகச் சூடாகிறது, அசிட்டிலீன் வந்தால் ஆர்க்கிங் (மின்பொறி பாய்வது), ஹைட்ரஜன் மட்டும் தனியாக ஏறினால் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (இன்சுலேஷனில் அங்கங்கே சின்னச் சின்ன மின்கசிவு), கார்பன் மோனாக்சைடும் டைஆக்சைடும் சேர்ந்து ஏறினால் காயில்களைச் சுற்றியிருக்கும் பேப்பர் இன்சுலேஷனையும் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்; போன முறை எவ்வளவு, இந்த முறை எவ்வளவு, எத்தனை மாதத்தில் ஏறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அசிட்டிலீனைப் பார்த்ததும் டேங்கைத் திறக்கவும் ஓட வேண்டாம். ஆன்-லோடு டேப் சேஞ்சர் (லோடு ஓடும்போதே வோல்டேஜை மாற்றும் சுவிட்ச்) இருந்தால், அது மாறும்போது வரும் பொறியிலேயே அசிட்டிலீன் உண்டாகும்; அதன் ஆயில் மெயின் டேங்குக்குள் கசிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, ரிசல்ட் மோசமாக இருக்குமோ என்ற பயத்தில் முதலில் ஆயிலை ஃபில்டர் அடித்துச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் சாம்பிள் எடுப்பது. வேக்யூம் ஃபில்டரில் கரைந்த வாயுக்களும் போய்விடும், அதோடு பழுதின் தடயமும் போய்விடும். ரிப்போர்ட் சுத்தமாக வரும், பழுது அப்படியே இருக்கும். முதலில் சாம்பிள், பிறகு ஃபில்டர், அது முடிந்து சில வாரம் ஓடியதும் இன்னொரு சாம்பிள், இதுதான் முறை. ஆயிலையே மாற்றினாலும் சிதைந்த பேப்பர் புதிதாகாது. வயதான டிரான்ஸ்ஃபார்மருக்கு ஃபியூரான் டெஸ்டும் (பேப்பர் சிதையும்போது ஆயிலில் கலக்கும் பொருள்களை அளப்பது) கேளுங்கள், அதையும் ஆயில் மாற்றுவதற்கு முன்னால்.

ஈரத்தின் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு தண்ணீர்) கணக்கிலும் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உள்ளே இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி பேப்பரில்தான் இருக்கிறது; சூடேறினால் ஆயிலுக்கு வரும், ஆறினால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேப்பருக்கே திரும்பும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுனில் ஆறிக் கிடக்கும்போது எடுத்த பிபிஎம்மையும், முழு லோடில் எடுத்ததையும் பக்கத்தில் வைத்து "ஈரம் ஏறிவிட்டது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. அதேபோல, ஓடிக்கொண்டிருக்கும் ஆயிலைப் புது ஆயிலுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 335 அளவோடு ஒப்பிடாதீர்கள், அதற்கென்று ஐஎஸ் 1866 இருக்கிறது.

சாம்பிள் எடுப்பதிலேயே பாதி ரிப்போர்ட்டுகள் கெட்டுவிடுகின்றன என்பது என் எண்ணம். மழையில் எடுக்காதீர்கள், ஜூன் முதல் அக்டோபர் வரை நம்ம ஊர் மாலைகளைச் சொல்லவே வேண்டாம். வால்வைத் துடைத்து, தேங்கிய ஆயிலைக் கொஞ்சம் ஓடவிட்டு, லேப் கொடுத்த உலர்ந்த பாட்டிலில் பிடியுங்கள். குடித்துப்போட்ட தண்ணீர் பாட்டில் கூடவே கூடாது. டிஜிஏவுக்குக் காற்றுப் புகாத சிரிஞ்ச், குமிழி இல்லாமல், வெயில் படாமல். சின்ன டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் ஆயில் லெவலைப் பார்த்துவிட்டு எடுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ப்ரீதரில் சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

சதாசிவநகரில் இருக்கும் சிபிஆர்ஐக்கு (மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம்) அனுப்பினாலும் வேறு எந்த லேபுக்கு அனுப்பினாலும் சாம்பிளோடு ஒரு சீட்டு போகட்டும்: எந்த வால்வு, எடுத்தபோது ஆயில் வெப்பநிலை, லோடு, கடைசியாக ஃபில்டர் செய்த தேதி, பழைய டிஜிஏ நகல். இவை கையில் இருந்தால்தான் லேபில் இருப்பவரால் எண்களைத் தாண்டி ஏதாவது சொல்ல முடியும்.