வயிறு உப்புசமா? ஊறப்போடும் பாத்திரத்தில் தொடங்குங்கள்

பங்குனி, சித்திரையில் டெல்டா வீடுகளுக்குப் புது உளுந்தும் பயறும் வந்து சேரும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு வயல் ஈரத்தில் தெளித்துவிட்டது அப்போதுதான் கைக்குக் கிடைக்கும். சுண்டல், வடை, உளுந்தங்கஞ்சி என்று நாலு நாள் சாப்பிட்டதும் 'வயிறு கும்முன்னு இருக்கு' என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அதற்காகப் பயறை ஒதுக்காதீர்கள், அது நல்ல சாப்பாடு. சமைக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினாலே வாய்வு பெருமளவு அடங்கும்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. நெஞ்சை அழுத்துகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் 'கேஸ்தான்' என்று ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பெரிய வலி இல்லாமலும் மாரடைப்பு வரலாம்.

படி 1: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுங்கள்

பயறு, கொண்டைக்கடலை, மொச்சை எல்லாவற்றிலும் ராஃபினோஸ் போன்ற சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அப்படியே பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கிறது. அதில் கிளம்புவதுதான் வாய்வு.

பயறை இரவே ஊறப்போடுங்கள். காலையில் தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டியிருக்கும். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு இந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். சத்து வீணாகிறதே என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீர் விட்டு, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவையுங்கள். முளைகட்டிச் சமைத்தால் இன்னும் நல்லது.

தாளிக்கும்போது பெருங்காயம், இஞ்சி, சீரகம் சேருங்கள். வழிவழியாக வந்த பழக்கம் இது, நான் விடுவதேயில்லை.

படி 2: ஓமக் கஷாயம்

ஏற்கெனவே உப்பிவிட்டதா? சரி, ஒரு டீஸ்பூன் ஓமம், அரை டீஸ்பூன் சீரகம், தட்டிய சுக்கு ஒரு சிறு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வாணலியில் சிறு தீயில் முதலில் சீரகத்தைப் போட்டு, அது சூடேறியதும் ஓமத்தைப் போடுங்கள். ஓமம் சீக்கிரம் கருகும், கருகினால் கசக்கும். வாசனை எழுந்து ஓரிரண்டு வெடிக்கத் தொடங்கியதும் ஒன்றரை டம்ளர் தண்ணீரை ஊற்றி, சுக்கையும் போட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்கவிடுங்கள். வடிகட்டி, சிட்டிகை உப்புப் போட்டு, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் போதும். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு குடிக்கட்டும். கைக்குழந்தைக்கு ஓமத்தண்ணீரும் வேண்டாம், வசம்பும் வேண்டாம்.

கஷாயம் பிடிக்காதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஒன்றை, காம்பு கிள்ளி, நாலு சீரகம் வைத்து மெல்லலாம். பாக்கு மட்டும் கூடாது. அது வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும்.

படி 3: உடம்பை அசையுங்கள்

சாப்பிட்டதும் படுக்காமல் தெருவிலோ வாய்க்கால் கரையிலோ பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். நடந்தால் குடல் அசையும், வாய்வு நகரும். இரவில் உப்புசம் என்றால் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் கையால் கட்டி வயிற்றோடு அணையுங்கள். மூச்சை அடக்காமல் அரை நிமிடம் இருந்து விடுங்கள், நாலைந்து தடவை செய்யுங்கள். இதுதான் பவனமுக்தாசனம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குடலிறக்கம் உள்ளவர்களும், சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் செய்தவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்கவும்.

படி 4: எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பாருங்கள்

பயறே சாப்பிடாத நாளிலும் வயிறு உப்பினால் பாலைச் சந்தேகப்படுங்கள். வயது ஏற ஏறப் பாலிலுள்ள லாக்டோஸ் பலருக்குச் செரிப்பதில்லை. டிகிரி காபி ஊரில் இதைச் சொன்னால் கோபம் வரும், தெரியும்! இருந்தாலும் ஒரு வாரம் பால் காபியை நிறுத்திப் பாருங்கள். மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், அதில் லாக்டோஸ் குறைவு.

வாய்வுக்குச் சோடா குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். ஏப்பமாக வெளியே வருவதில் பெரும்பங்கு சோடா உள்ளே கொண்டுபோன காற்றுதான். அவசர அவசரமாக விழுங்குவதும், சாப்பிடும்போது ஓயாமல் பேசுவதும் அப்படித்தான் காற்றை உள்ளே தள்ளும்.

இவ்வளவும் செய்து இரண்டு, மூன்று வாரமாகியும் உப்புசம் போகவில்லை, எடை குறைகிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாக வந்து நீடிக்கும் உப்புசம் சினைப்பைக் கோளாறாகவும் இருக்கலாம், அதை ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் வாய்வும் போகாமல் அடைத்துக்கொண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.