கேட் இருந்தபடியே இருக்கட்டும்: இங்கிலாந்துக் கிராமத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெர்பிஷயரில் ஒரு சின்னக் கிராமத்துக்கு நாங்கள் குடிவந்த முதல் ஜூலை மாதம். சாயங்காலம் நடக்கப் போனேன். மேய்ச்சல் நிலத்தின் குறுக்கே போகிற ஒற்றையடிப் பாதையில் ஒரு இரும்பு கேட் விரியத் திறந்து கிடந்தது. யாரோ பொறுப்பில்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள், ஆடு வெளியே போய்விடுமே என்று இழுத்துச் சாத்தி, சங்கிலியையும் கொக்கியில் மாட்டினேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மத்தியானம் அந்த நிலத்துக்காரர் வாசலில் நின்றார். கோபப்படவில்லை. "அந்த கேட்டைச் சாத்தினது நீங்களா? தண்ணித் தொட்டி அந்தப் பக்கம் இருக்கு. ஆடெல்லாம் ராத்திரியிலிருந்து தண்ணியில்லாம நின்னிருக்கு" என்றார். அவரோடு போய்ப் பார்த்தேன். கேட்டை ஒட்டி ஆடுகள் முண்டியடித்து நின்ற இடத்தில் புல் மிதிபட்டு வெறும் மண்ணாகியிருந்தது. கம்பியில் கம்பளி நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி. கேட்டை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுப் போங்கள். இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த இந்த விதி எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து இங்கே புதிதாக வருகிற நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை கிடைத்து, நகரத்தில் வாடகை கட்டுப்படியாகாமல் கிராமத்துக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள் இப்போது உண்டு. விடுமுறைக்கு வந்து போகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே செய்கிற தவறுகளுக்கு வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இந்த இடத்தை ஒரு காட்சியாகப் பார்ப்பது.

அதற்கு "தேசியப் பூங்கா" என்ற பெயரும் ஒரு காரணம். எங்கள் கிராமம் இருக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதி 1951-இல் அறிவிக்கப்பட்ட பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா. "பூங்கா" என்றதும் நமக்கு நுழைவுச்சீட்டும், பெஞ்சும், ஊஞ்சலும் நினைவுக்கு வருகின்றன. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. இந்த எல்லைக்குள் 35,000-க்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. அந்தப் பச்சைப் பள்ளத்தாக்கு, கல்சுவர்கள், சரிவில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிற ஆடுகள் எல்லாமே ஒருவருடைய அன்றாடப் பிழைப்பு.

ஆடும் மாடும்

ஆடு விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. உதவ வேண்டிய இடத்தில் சும்மா போய்விடுகிறோம். சும்மா இருக்க வேண்டிய இடத்தில் உதவப் போகிறோம்.

செம்மறி ஆடு ஒன்று மல்லாந்து, நாலு காலும் வானத்தைப் பார்க்கக் கிடந்தால் அது வெயில் காய்கிறது என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது செத்துக்கொண்டிருக்கிறது. கம்பளி கனத்த ஆடும், நிறைசினை ஆடும் ஒருமுறை மல்லாந்துவிட்டால் தானாகப் புரண்டு எழ முடியாது. வயிற்றில் வாயு சேர்ந்து உப்பி, நுரையீரலை அழுத்தும். சில மணி நேரத்தில் உயிர் போகும். கம்பளியைக் கெட்டியாகப் பிடித்துப் பக்கவாட்டில் புரட்டி நிமிர்த்துங்கள். உடனே கையை எடுத்துவிடாதீர்கள். கால் மரத்திருக்கும், தள்ளாடி மறுபடி விழும். ஓரிரு நிமிடம் விலாவில் கை கொடுத்துப் பிடித்து நின்றால், உங்கள் கைக்குள்ளேயே அந்த உடம்பு உறுதிப்படுவது தெரியும். பிறகு திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடும். இதற்கு யாருடைய அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. நிலத்துக்காரர் நன்றிதான் சொல்வார்.

மார்ச் முதல் மே வரை குட்டி போடும் காலம். அப்போது தனியாகப் படுத்திருக்கிற குட்டியைப் பார்த்து, தாய் விட்டுப் போய்விட்டது என்று தூக்கிவிடாதீர்கள். தாய் பெரும்பாலும் நாலடி தள்ளி மேய்ந்துகொண்டிருக்கும். நீங்கள் அங்கே நிற்பதால்தான் கிட்டே வரவில்லை. நிஜமாகவே குட்டி துவண்டு கிடந்தால் பக்கத்துப் பண்ணை வீட்டில் சொல்லுங்கள்.

நாய் வளர்க்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். "எங்க நாய் கடிக்காது" என்பது இங்கே செல்லுபடியாகாத பேச்சு. கடிக்கவே வேண்டாம், சும்மா விளையாட்டாகத் துரத்தினாலே சினையாடு குட்டியைக் கலைத்துவிடும். கால்நடையைத் துரத்தும் நாயைத் தடுக்க வேறு வழியில்லை என்ற நிலையில் நிலத்துக்காரர் அதைச் சுட்டாலும் சட்டம் அவர் பக்கம் நிற்கும். எல்லோரும் நடக்க உரிமையுள்ள திறந்த மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். ஆடுமாடு பக்கத்தில் இருந்தால் ஆண்டு முழுவதும். அந்த மாதங்களில் கர்லூ, லாப்விங் போன்ற பறவைகள் புல்லுக்குள் தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கின்றன.

மாடு வேறு கதை. நமக்கு மாட்டைக் கண்டு பயமில்லை, அதுதான் ஆபத்து. தடவிக்கொடுத்து வளர்ந்த வீட்டுப் பசு அல்ல இவை. கன்றோடு இருக்கும் பசுவுக்கு நாயைக் கண்டால் ஆகாது. இங்கிலாந்தில் நடக்கப் போன இடத்தில் மாடு மிதித்து இறந்தவர்கள் இருக்கிறார்கள். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். ஓடாதீர்கள். மாடுகள் நெருங்கி வந்தால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். அவற்றின் குறி நாய்தான், அது ஓடித் தப்பிக்கும். நாயைக் காப்பாற்றக் கையில் பிடித்துக்கொண்டே நின்றவர்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

பாதை யாருடையது

கேட்டையும் வேலியையும் கண்டதும் தனியார் இடம் என்று பயந்து திரும்பிவிடுகிறவர்கள் ஒரு ரகம். பச்சையாகத் தெரிவதெல்லாம் பொது என்று நினைத்து எங்கு வேண்டுமானாலும் துணி விரித்து உட்காருகிறவர்கள் இன்னொரு ரகம். உண்மை இரண்டுக்கும் நடுவில். நிலம் ஒருவருடையது, அதன் மேல் போகிற பாதையில் நடக்கும் உரிமை எல்லோருடையது. கல்தூணிலோ கேட்டிலோ மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது நடைபாதை. நீல அம்புக்குறி என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொதுவழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் உண்டு.

இந்த உரிமை சும்மா வரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, பணக்காரர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில், ஹேஃபீல்ட் கிராமத்திலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் அத்துமீறி ஏறினார்கள். பலரும் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள். முன்நின்றவர் பென்னி ராத்மன். அவர் உட்பட ஐந்து பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. மேட்டுநிலங்களில் பாதையை விட்டும் நடக்கலாம் என்ற உரிமை 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் அந்த மேடு தெரிகிறது. அங்கே ஏறும்போதெல்லாம் சிறைக்குப் போன அந்த இளைஞர்களை நான் நினைத்துக்கொள்கிறேன்.

அதே மேட்டில்தான் தூக்கியெறியும் அலுமினியத் தட்டு பார்பெக்யூவைக் கொண்டுவந்து பற்றவைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காலடியில் இருப்பது வெறும் மண் இல்லை, பீட் என்கிற மக்கிய பாசிப்படலம். காய்ந்தால் அதுவே எரிபொருள். மேலே அணைந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே போகும். 2018 ஜூனில் சேடில்வொர்த் மேட்டில் பிடித்த தீயை அணைக்க ராணுவம் வர வேண்டியிருந்தது.

இன்னொன்று, சுவர். சாந்தே இல்லாமல் கல்லைக் கல்லோடு கோத்து அடுக்கிய சுவர்கள் இவை. ஏறிக் குதித்தால் மேல்வரிசைக் கல் ஒன்று நகரும், அடுத்த பனிக்காலத்தில் அந்த இடமே சரியும். ஏறி இறங்கச் சுவரிலேயே படிக்கல் வைத்திருப்பார்கள். பத்தடி தள்ளிப் பார்த்தால் கண்ணில் படும். கையில் ஆர்டினன்ஸ் சர்வே என்கிற அரசு நில அளவை நிறுவனத்தின் வரைபடம் இருந்தால் தேடவே வேண்டாம். இந்தப் பகுதிக்கு ஓ.எல். 1, ஓ.எல். 24 என்ற இரண்டு தாள்கள். செல்போனை மட்டும் நம்பிப் போவது பெரிய தவறு, பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்காது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மத்தியானச் சாப்பாடு முடித்து இரண்டு மணிக்கு மலையேறக் கிளம்புவது நம் பழக்கம்; இங்கே அது இருட்டில் மாட்டிக்கொள்ளும் நேரம். மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை, மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்கிறது. போய்த்தான் ஆக வேண்டும் என்கவில்லை. வளைவுக்கு அப்பால் டிராக்டர் இருக்கும், குதிரை இருக்கும். குதிரையைத் தாண்டும்போது 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். நடைமேடை இல்லாத சாலையில் நடந்தால் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி. வயல் கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். வைக்கோல் கட்டும் நாளில் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மழை வந்துவிட்டால் ஒரு வருடத் தீவனம் போய்விடும்.

வீடு வாங்குகிறவர்களுக்கு

பழைய கல்வீட்டைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, முதல் வேலையாகச் சிமென்ட் பூசுவது, பிளாஸ்டிக் ஜன்னல் வைப்பது. இரண்டுமே கையைக் கடிக்கும். 1919-க்கு முன் கட்டியவை பெரும்பாலும் திண்ணென்ற ஒற்றைச் சுவர்கள், சுண்ணாம்புச் சாந்து வைத்தவை. ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் இயல்பு. சிமென்ட் பூசினால் அந்த மூச்சு நிற்கும். ஈரம் உள்ளேயே தங்கி, சுவரோரத்தில் கறுப்புப் பூஞ்சை ஏறும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள், காத்திருக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருந்தால், அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றவியல் வழக்காகும். ஊரின் பழமையைக் காக்க ஒதுக்கிய "கன்சர்வேஷன் ஏரியா"வில் இருந்தால் தோட்டத்து மரத்தை வெட்டவும் ஆறு வாரம் முன்பே அறிவிக்க வேண்டும்.

பல கிராமங்களில் குழாய் எரிவாயு கிடையாது. வீட்டைச் சூடாக்குவது மண்ணெண்ணெய். தோட்டத்தில் தொட்டி இருக்கும், லாரி வந்து நிரப்பும். ஜனவரியில் தொட்டி வறண்ட பிறகு ஆர்டர் கொடுத்தால் பனியில் லாரி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோடையிலேயே நிரப்பி வையுங்கள். கழிவுநீர் பல இடங்களில் செப்டிக் டேங்கில்தான் போய்ச் சேர்கிறது. நம் சமையலறைக்கு இது முக்கியம். வடை சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் மெழுகாக உறைந்துவிடும். பிளீச்சை அள்ளி ஊற்றினால் தொட்டியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். மின்சாரம் போனால் அழைக்க வேண்டிய எண் 105.

மனிதர்கள்

தனியாக இருந்துகொள்வதுதான் மரியாதை என்று நினைப்பது புதிதாக வருகிற நம்மவர்களின் ஆகப் பெரிய தவறு. "வெள்ளைக்காரங்க அடுத்தவங்க விஷயத்துல தலையிட மாட்டாங்க" என்று நகரத்தில் கற்ற பாடத்தோடு வந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம். கிராமத்தில் எதிரே வருகிறவருக்கு ஒரு "மார்னிங்" சொல்லாமல் போனால்தான் தவறாக நினைப்பார்கள். கடைக்கார அம்மா உங்களை "மீ டக்" என்று கூப்பிட்டால் முகம் சுளிக்காதீர்கள். டெர்பிஷயரில் அது நம் "கண்ணு", "ராசா" மாதிரி. சாலையோரம் முட்டை அட்டையும் பக்கத்தில் ஒரு காசுப் பெட்டியும் மட்டும் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். எழுதியிருக்கிற காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊராட்சி மாதிரியான பாரிஷ் கவுன்சிலின் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, போய் உட்காருங்கள். உங்கள் தெருவிளக்கையும் பஸ்ஸையும் பற்றி அங்கே பேசுவார்கள்.

படம் எடுக்கும்போது ஜன்னலுக்குள் பார்க்காதீர்கள். ஈம் (Eyam) என்ற கிராமம் பக்கத்தில் இருக்கிறது. 1665-இல் லண்டனிலிருந்து தையல்காரர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் அங்கே நுழைந்தது. பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் கேட்டுக்கொண்டதால், ஊர்மக்கள் தாங்களாகவே எல்லையைத் தாண்டாமல் ஊருக்குள் அடைபட்டார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல்லில் உணவை வைத்துப் போக, இவர்கள் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டார்கள். பதினான்கு மாதத்தில் ஏறத்தாழ 260 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளின் முன் இறந்தவர்களின் பெயர்ப்பலகை இருக்கிறது. பலகைக்குப் பின்னால் இப்போதும் குடும்பங்கள் வாழ்கின்றன. பலகையைப் படியுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள், திரைச்சீலைக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

கோடையில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுகளையும் ஊற்றுகளையும் பூவால் அலங்கரிப்பார்கள். ஈம் கிராமத்தில் அது ஆகஸ்ட் கடைசியில், டிசிங்டனில் ஏசு விண்ணேறிய திருநாளன்று. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது ஒரு படம். அதற்கு முந்தைய நாட்களில்தான் ஊரே கூடியிருக்கும். ஊறவைத்த மரப்பலகையில் உப்புப் போட்டுப் பிசைந்த களிமண்ணை அப்பி, மேலே தாளை விரித்து ஊசியால் குத்திக் கோலத்தை இறக்குவார்கள். பிறகு ஒவ்வொரு இதழாக அழுத்துவார்கள். நான் முதல்முறை போனபோது மேலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைப் பிடித்துக் கீழ் வரிசைக்குக் கொண்டுபோனார். கீழிருந்து மேலே, ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, ஓடு வேய்வது போல. அப்போதுதான் மழைத்தண்ணீர் இதழுக்குள் இறங்காமல் வழிந்தோடுமாம். இதழ் ஒட்டப் பூக்கட்டத் தெரிந்த விரல்கள் அங்கே எப்போதும் தேவைப்படுகின்றன. ஊர்மண்டபக் கதவில் தேதி ஒட்டியிருப்பார்கள்; யாரும் வீடு தேடி வந்து அழைக்க மாட்டார்கள், நீங்களாகவே போய் நில்லுங்கள்.