கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டில் கம்பனி: எந்த நாடு சரிவரும்?

வெளிநாட்டில் கம்பனி பதியப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்த நாட்டில் வரி குறைவு என்பதைத்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: பதிந்த பிறகு கம்பனியை எங்கே இருந்து நடத்தப்போகிறீர்கள்?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, இலங்கையில் பதிந்தது மட்டும்தான் இங்கே வதிவுள்ள கம்பனி, அதாவது எங்கே உழைத்தாலும் இங்கே வரிக்கு உட்படும் கம்பனி, என்றில்லை. எங்கே பதிந்திருந்தாலும், அதன் முகாமைத்துவமும் கட்டுப்பாடும் இலங்கையிலிருந்து நடந்தால் அதுவும் வதிவுள்ள கம்பனிதான். வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் இருந்து விலை பேசுவது நீங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பது நீங்கள், வங்கிக் கணக்குக்குள் நுழைந்து பணத்தை நகர்த்துவதும் நீங்கள் என்றால், பதிவுச் சான்றிதழில் டுபாய் என்று இருந்தாலும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் உங்களிடம் வந்து கேட்க இடம் இருக்கிறது. அதோடு வருடத்தில் 183 நாளோ அதற்கு மேலோ நீங்கள் இங்கே இருந்தால் நீங்களும் இங்கே வதிபவர், உலகத்தில் எங்கே உழைத்தாலும் அந்த வருமானம் இங்கே கணக்கில் வரும். பூச்சிய வரி என்று விளம்பரம் போடுகிற ஏஜன்டுகள் இந்தப் பக்கத்தைப் பேசவே மாட்டார்கள், எனக்குக் கோபம் வருவதும் அங்கேதான்.

அடுத்து, இங்கேயே இருந்தால் எவ்வளவு வரி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணக் கம்பனி வரி 30 வீதம். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குச் சேவை செய்து, வெளிநாட்டு நாணயத்தில் வாங்கி, வங்கி வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் 15 வீதம். அதற்கு முன்பு இந்த வருமானத்துக்கு விலக்கு இருந்தது, அது போனதும்தான் வெளிநாட்டுக் கம்பனிப் பேச்சு கூடிவிட்டது. கம்பனி இல்லாமல் தனி ஆளாக வேலை செய்கிறவருக்கும் இந்த வருமானத்தில் உச்ச வீதம் 15தான், அதுவும் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் விலக்குப் போக. வருடம் 40,000 டொலர் இலாபம் பார்க்கும் ஒரு சிறிய சொஃப்ட்வெயர் கம்பனி என்றால் இங்கே வரி 6,000 டொலர். வெளிநாட்டுக் கம்பனியின் வருடாந்தச் செலவு, அங்கே கட்டும் வரி எல்லாவற்றையும் கூட்டினால் இந்த 6,000க்குக் கீழே வருகிறதா? பெரும்பாலும் வராது.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். கம்பனி வரி 17 வீதம். புதுக் கம்பனிகளுக்கு முதல் மூன்று வரி ஆண்டுகளில், முதல் ஒரு இலட்சம் சிங்கப்பூர் டொலர் இலாபத்தில் 75 வீதத்துக்கும், அடுத்த ஒரு இலட்சத்தில் பாதிக்கும் விலக்கு உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த விலக்குக்கு கம்பனி சிங்கப்பூரின் வரி வதிவாளராக இருக்க வேண்டும், அதாவது கட்டுப்பாடு அங்கே நடக்க வேண்டும். கொழும்பிலிருந்து எல்லாவற்றையும் முடிவு செய்தால் அந்தச் சலுகை கைநழுவும். அங்கே வசிக்கும் பணிப்பாளர் ஒருவர் கட்டாயம், ஆறு மாதத்துக்குள் கம்பனிச் செயலாளரும் வேண்டும். ஆளில்லாதவர்கள் காசு கொடுத்து ஒருவரைப் பெயருக்குப் பணிப்பாளராகப் போடுகிறார்கள், அது வருடா வருடம் வரும் செலவு. சிங்கப்பூரில் கூட்டாளியோ சகோதரமோ இருந்து உண்மையிலேயே அங்கே வேலை நடந்தால் மட்டும் இதைப் பாருங்கள், அப்போது இதைப்போல நல்ல இடம் குறைவு.

டுபாயைப் பற்றி இங்கே நிறையத் தவறான கதை உலாவுகிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2023 ஜூனிலிருந்து கம்பனி வரி இருக்கிறது: 375,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 9 வீதம். சுதந்திர வர்த்தக வலயத்தில் பதிந்தால் பூச்சியம் என்பார்கள், ஆனால் அந்தப் பூச்சியம் சட்டம் வரையறுத்த சில வகை வருமானத்துக்கு மட்டும்தான். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு சொஃப்ட்வெயர் எழுதிக் கொடுப்பதும் ஆலோசனை சொல்வதும் அந்தப் பட்டியலில் இல்லை. வருமானம் 30 இலட்சம் திர்ஹாமுக்குள் இருக்கும் சிறு வியாபாரங்களுக்கு ஒரு நிவாரணம் இருக்கிறது, 2026 டிசம்பர் 31க்குள் முடியும் வரி ஆண்டுகளுக்கு மட்டும். வலயத்து லைசன்ஸ், விசா, அலுவலக முகவரி எல்லாம் சேர்ந்தால் வருடத்துக்குச் சில ஆயிரம் டொலர் போகும். குடும்பத்தோடு அங்கே போய் வாழ்கிறீர்கள், அங்கே கடை வைக்கிறீர்கள், இரத்தினக்கல்லோ தேயிலையோ வாங்கி விற்கிறீர்கள் என்றால் டுபாய் அருமையான தெரிவு. கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு கடதாசியில் மட்டும் டுபாய் என்றால் வேண்டாம்.

அமெரிக்காவில் டெலவெயர், வயோமிங் மாநிலங்களில் எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள கம்பனி வகை) பதிவது இளம் பிள்ளைகளிடம் பிரபலம், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஒன்லைனில் கார்டுப் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் இலங்கைக் கம்பனிகளை ஏற்பதில்லை, இலங்கைக் கணக்கில் பேபால் வழியாகப் பணம் வாங்கவும் நீண்ட காலமாக வழி இருக்கவில்லை. ஒன்லைனில் பொருளோ சந்தாவோ விற்கிறவருக்குப் பணம் வாங்க ஒரு வழி வேண்டும், எல்எல்சி அந்த வழியைத் திறக்கிறது. இதை வரி குறைக்கும் வழியாகப் பார்க்காமல் பணம் வாங்கும் வழியாகப் பாருங்கள், மனம் தெளியும். வெளிநாட்டவர் ஒருவருக்கு மட்டும் சொந்தமான எல்எல்சி, அங்கே வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், 5472 என்ற படிவத்தை ஒவ்வொரு வருடமும் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் தண்டம் 25,000 டொலர். பதிந்து கொடுக்கும் இணையத் தளங்கள் இதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். டெலவெயர் மாநிலத்துக்கு வருடா வருடம் 300 டொலர் வேறு.

பிரித்தானிய வேர்ஜின் தீவுகள் போன்ற இடங்களைச் சிறு வியாபாரிகள் விட்டுவிடுவது நல்லது. வரி இல்லைதான், ஆனால் இலங்கையோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தமும் இல்லை, 2019 முதல் சில தொழில்களுக்கு அங்கே உண்மையான செயற்பாடு காட்ட வேண்டும், 2016இல் பனாமா ஆவணங்கள் (இப்படியான கம்பனிகளின் பின்னால் இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்த கசிவு) வெளிவந்த பிறகு அந்தப் பெயரைக் கண்டாலே வங்கிகள் இரண்டு மடங்கு கேள்வி கேட்கின்றன. சிங்கப்பூர், ஐக்கிய அரபு இராச்சியம், பிரித்தானியா, மொரீஷியஸ் ஆகியவற்றோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறது. ஒரே வருமானத்துக்கு இரண்டு தடவை வரி கட்டாமல் காப்பது அதுதான்.

நாட்டைத் தெரிந்தாயிற்று, சரி, பங்கு முதலுக்குப் பணம் எப்படி அனுப்பப் போகிறீர்கள்? இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், இலங்கையில் வதிபவர் வெளிநாட்டில் முதலிட அதற்கென்றே வங்கியில் தனிக் கணக்குத் திறக்க வேண்டும். ஓஐஏ என்று கேட்டால் வங்கியில் தெரியும். 2020இலிருந்து இப்படி அனுப்பும் தொகைக்கு மேலதிகக் கட்டுப்பாடுகள் வர்த்தமானியில் வந்து, பிறகு திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. ஆகவே பதிவுக் கட்டணத்தைக் கட்டும் முன் உங்கள் வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் இன்றைய வரம்பைக் கேளுங்கள். கிரெடிட் கார்டில் ஏஜன்டுக்குக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம், நாளைக்கு இலாபத்தைத் திரும்பக் கொண்டுவரும்போது முதலீடு எந்த வழியாகப் போனது என்ற கேள்வி வரும்.

வங்கிக் கணக்குத் திறப்பதையும் பதிவுக்கு முன்னே யோசியுங்கள். கம்பனி இரண்டு நாளில் பதியலாம், கணக்குத் திறக்க மாதங்கள் போகலாம். கேட்பவை: கடவுச்சீட்டு, வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தம், பழைய இன்வொய்ஸ்கள், முதல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம், அப்புறம் வீட்டு முகவரிக்கு உங்கள் பெயரில் ஒரு பில். கொழும்பில் வாடகை வீட்டில் இருப்பவருக்குப் பெரிய தலையிடி இந்தக் கடைசிச் சாமான்தான், மின்சார பில் வீட்டுக்காரர் பெயரில், தண்ணீர் பில் அவருடைய அப்பா பெயரில். அதனால் இன்றைக்கே உங்கள் வங்கியில் முகவரியைத் திருத்தி, ஆங்கிலத்தில் கணக்குக் கூற்று எடுக்கத் தொடங்குங்கள், மூன்று மாதத்துக் கூற்று கையில் இருந்தால் வேலை இலகு. முகவரி கடவுச்சீட்டு விண்ணப்பம் தொடங்கி எல்லாக் கடதாசியிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும்.

ஏஜன்டிடம் காசு கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று. இரண்டாம் வருடத்தில் மொத்தமாக எவ்வளவு வரும், கணக்காய்வு கட்டாயமா (ஹொங்கொங்கில் சின்னக் கம்பனிக்கும் ஒவ்வொரு வருடமும் கட்டாயம்), கம்பனியை மூட எவ்வளவு ஆகும். மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்குகிறவரை விட்டு வேறு ஆளைத் தேடுங்கள். வியாபாரம் சரிவராமல் லைசன்ஸைப் புதுப்பிக்காமல் சும்மா விட்டால் தண்டப்பணம் ஏறிக்கொண்டே போகும், முறையாக மூடினால்தான் நிற்கும்.