மொய் நோட்டை வைத்து ஊர் மாறிய கதையை எழுதுவது எப்படி

கல்லூரியில் சமூகவியல் நடத்திய காலத்தில், களப்பணிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி கேள்வித்தாளோடுதான் வருவார்கள். "உங்கள் ஊரில் சாதி பார்ப்பது குறைந்திருக்கிறதா? பெண்களுக்கு உரிமை கிடைக்கிறதா?" இப்படிக் கேட்டால் கோபியிலும் சரி, பல்லடத்திலும் சரி, ஒரே பதில்தான்: "இப்பெல்லாம் யாருங்க அதப் பாக்குறாங்க?" அபிப்பிராயம் கேட்டால் அபிப்பிராயம்தான் கிடைக்கும். ஆராய்ச்சிக்கென்று எழுதாத ஒரு காகிதம் நமக்கு வேண்டும். கொங்கு நாட்டில் அது பெரும்பாலான வீட்டுப் பீரோவில் இருக்கிறது: கல்யாண மொய் நோட்டு.

ஒரே வீட்டின் மூன்று கல்யாணங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் பத்துப் பதினைந்து வருடமாவது இருக்கட்டும். வெள்ளக்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் 1974இல் அக்காவுக்கு, 1986இல் எனக்கு, 2013இல் அண்ணன் மகனுக்கு. இந்த மூன்று நோட்டுகளை வைத்துத்தான் நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன்.

அடுத்த வீட்டு நோட்டைக் கேட்கும்போது கவனம் வேண்டும். அது யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடன் கணக்கு. போனில் படம் எடுக்காதீர்கள். அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து குறிப்பெடுங்கள். பெயர்களுக்குப் பதிலாக எண் போடுங்கள். எழுதியதை அவர்களிடம் படித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

முதலில் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். 1974 நோட்டில் மூலனூர், காங்கேயம், தாராபுரம், கொடுமுடி, சிவகிரி. பஸ்ஸேறி வந்து பொழுதோடு வீடு திரும்பக்கூடிய ஊர்கள். பிறகு திருப்பூர் பெருகுகிறது, அதற்குப் பிறகு பெங்களூர். ஊரோடு சேர்த்து, ஆளை அடையாளம் காட்டப் பெயரோடு எழுதிய அடைமொழியையும் குறியுங்கள். பழைய நோட்டில் 'மேக்காலத் தோட்டம்', 'கிணத்துத் தோட்டம்' என்று இருக்கும். அடுத்ததில் 'விசைத்தறி', 'தேங்காய்க் களம்', 'நிட்டிங்' (பனியன் துணி பின்னுவது), 'டையிங்' (சாயமேற்றுவது). திருச்செங்கோட்டுப் பக்கம் என்றால் 'ரிக்' (ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி), நாமக்கல் என்றால் 'லாரி', 'கோழிப்பண்ணை'. 'டையிங்' என்ற அடைமொழி ஒரு கட்டத்தில் காணாமல் போனால் உடனே தேதியைப் பாருங்கள். விதியை மீறிய திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறைக்காரரிடம் கேட்டதோடு நிற்க வேண்டாம். சாயக்கழிவு வந்து தேங்கிய நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள விவசாயியிடம் போய், "நொய்யத் தண்ணியில எந்த வருசம் வரைக்கும் வெள்ளாமை வெச்சீங்க?" என்று கேளுங்கள். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

தொகையை அப்படியே ஒப்பிடாதீர்கள். அந்த வருடத்தின் நாள் கூலியால் வகுத்துப் பாருங்கள். கூலி எவ்வளவு என்பதைக் களையெடுத்த பெண்களிடம் கேளுங்கள், நிலத்துக்காரரிடம் அல்ல. சரிபார்க்க ஓர் அளவு: 2008இல் ஈரோடு, கோவைப் பக்கம் 100 நாள் வேலை வந்தபோது அதிகபட்ச நாள் கூலி 80 ரூபாய், 2024-25இல் 319 ரூபாய்.

இனி நிதானமாகப் பார்க்க வேண்டியது பெண்களின் பெயர். 1974 நோட்டில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. அம்முச்சியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம் கேட்டேன், "நீங்க வெச்ச மொய் எங்கீங்க?" "எம் பேர எதுக்குக் கண்ணு எழுதறாங்க? அப்பிச்சி பேர்ல இருக்கும் பாரு." கறந்த பாலை விற்றுச் சேர்த்த காசு, எழுதிய பெயர் அப்பிச்சியுடையது, அதாவது தாத்தாவுடையது. எந்த நோட்டில் முதல் பெண் பெயர் வருகிறது, அவர் யார் என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு டீச்சர்.

இதோடு பத்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1989 மார்ச் 25க்குப் பிறகு கல்யாணமான மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2005இல் நாடு முழுக்க மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. நம் பக்கத்தில் பல வீடுகளில் நடந்தது வேறு: சீர் நிறையச் செய்வார்கள், கொஞ்ச நாளில் தங்கச்சி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். வீட்டார் சம்மதித்தால் வில்லங்கச் சான்று எடுத்து அந்தத் தேதியைக் கல்யாணத் தேதிக்குப் பக்கத்தில் வையுங்கள். சீரை அன்பென்று மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. பல இடங்களில் அது பங்குக்குப் பதிலாகக் கொடுத்தது.

புதிய நோட்டுகளில் பெண் வீட்டார் ஊராகப் பாலக்காட்டுப் பக்கத்து ஊர் வந்தால், மாப்பிள்ளையின் வயதையும் தொழிலையும் கேளுங்கள். தோட்டத்தில் பாடுபடுகிற பையனுக்கு இங்கே பெண் கிடைக்காமல் போனதற்கு, பெண்பிள்ளைகள் படித்து மேலே போனது ஒரு காரணம். பிறக்கவிடாமல் செய்த பெண்பிள்ளைகள் இன்னொரு காரணம். பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் சேலத்தில் ஏன் தொடங்க வேண்டியிருந்தது என்பதை இந்த இடத்தில் எழுதாமல் விடக்கூடாது.

நோட்டில் இல்லாதவர்களைத் தேடுவதுதான் சிரமமான வேலை. அதற்குக் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். கல்யாணச் சடங்கில் மங்கள வாழ்த்துப் பாடிய நாவிதர் படத்தில் இருப்பார். நோட்டில் இருக்க மாட்டார். மாடு கட்டும் கட்டுத்தாரையில் சாணி அள்ளிய அருந்ததியர் குடும்பம் இரண்டிலும் இருக்காது. அவர்கள் குடியிருக்கும் வளவுக்குப் போங்கள். "அந்தக் கல்யாணத்துல எங்க உக்காந்து, எதுல சாப்பிட்டீங்க? எந்தப் பந்தி?" என்று கேளுங்கள். அவர்கள் வீட்டு மொய் நோட்டையும் கேளுங்கள். அதில் 'நர்ஸ்', 'வாத்தியார்' என்ற அடைமொழி எப்போது வருகிறது, அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு முன்னா பின்னா என்று பாருங்கள். பிறகு, அவர்கள் வேலை செய்த நிலத்தின் சொந்தக்காரரான பண்ணையத்துக்காரர் வைத்த மொய் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்குப் பல நோட்டுகளில் இருக்கும், 501, 1001 என்று. அங்கே நிறுத்தாமல் அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்: "பந்தியில உக்காந்து சாப்பிட்டாருங்களா?" சாதி எவ்வளவு இளகியிருக்கிறது என்பதை இந்தப் பதிலைவிட நம்பகமாக வேறு எதுவும் எனக்குக் காட்டியதில்லை.

ஒடிசா, பீகாரிலிருந்து வந்து மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இருப்பவர்களின் பெயர் எந்த நோட்டிலும் அநேகமாக இருக்காது. அவர்களிடம் போனில் ஊருக்கு அனுப்பிய பணத்தைப் பற்றிப் பேசுங்கள், தங்கை கல்யாணத்துக்கு எவ்வளவு, எந்த மாதம் என்று. மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது எதுவும் கேட்காதீர்கள்.