தொட்டியில் வள்ளைக்கொடி

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களில் தானாகப் படர்ந்து கிடக்கும் வள்ளையை வீட்டில் வளர்க்க, இரண்டடி அகலமும் ஒன்றரை அடி ஆழமும் உள்ள சிமென்ட் தொட்டி ஒன்று போதும். புதுத் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்கும். பத்து நாளைக்குத் தண்ணீர் நிரப்பி, இரண்டு நாளுக்கொரு தடவை கொட்டி மாற்றிய பிறகே மண் போடுங்கள்.

அடியில் நன்றாக மக்கிய தொழுவுரம் இரண்டு கைப்பிடி, அதன்மேல் அரை அடிக்குக் கண்மாய்க் கரம்பை (வண்டல் மண்), மேலாக ஒரு விரல் கனத்துக்கு ஆற்றுமணல். மணல் போடாவிட்டால் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கலங்கும். தென்னைநார்க் கழிவு கலந்த தொட்டி மண் வேண்டவே வேண்டாம், மிதந்து வந்துவிடும். பச்சைச் சாணமும் கூடாது. அழுகி நாறும், தண்ணீரும் பாசி பிடிக்கும்.

கொடி எடுக்கும்போது கவனம். அதே கண்மாயில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கின் பூவும் இதே புனல் வடிவம்தான். அது இதய வடிவ இலையோடு புதராக நிமிர்ந்து நிற்கும், நச்சுச் செடி. வள்ளை தண்ணீர்மேல் படுத்திருக்கும். பெரும்பாலும் ஈட்டிமுனை மாதிரி இலை, குழல்போல் உள்ளீடற்ற தண்டு, கணுவுக்குக் கணு வெள்ளை வேர். அந்தக் காலத்துப் புலவர்கள் பெண்களின் காதுக்கு உவமை சொன்னதும் இந்தக் கொடியைத்தான்.

ஒரு அடி நீளத்துக்கு நான்கு துண்டு நறுக்கி, ஆடியில் நடுங்கள். இரண்டு மூன்று கணு மண்ணுக்குள் போகட்டும். முதல் வாரம் மண் சகதியாக இருந்தால் போதும். துளிர் விட்டதும் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். பந்தல் கட்டாதீர்கள். இது சுற்றி ஏறும் கொடியல்ல, தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்க விட்டால்தான் அழகு.

"இலையாகவே தள்ளுகிறது, பூவைக் காணோம்" என்பதுதான் எல்லோருடைய குறையும். ஒன்று, உரம் கூடியிருக்கும். இல்லையென்றால் வெயில் போதாது. ஆறு மணி நேரமாவது வேண்டும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: பகல் குறுகினால்தான் இது மொட்டு வைக்கும், ராத்திரி முழுக்கத் தெருவிளக்கு விழும் இடத்தில் அது தடைபடும். இருட்டான மூலைக்கு மாற்றுங்கள். ஐப்பசி வாக்கில், தொண்டைக்குழியில் ஊதா ஏறிய வெளிர்ப்பூக்கள் காலையில் விரியும். வெயில் ஏறினால் சுருண்டுவிடும்.

இலையடியில் வெள்ளைக் கொப்புளம் தெரிந்தால் வெண்துரு நோய். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். அசுவினிப் பூச்சிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே போதும். கொசுவுக்காக மீன் விட்டிருந்தால் சோப்புக் கரைசல் பக்கமே போகாதீர்கள். சித்திரை வெயிலில் மதியத்துக்கு மட்டும் நிழல் கொடுங்கள்.

கீரையாகவும் ஆகும். ஆனால் சாக்கடை கலக்கும் கண்மாயில் எடுத்த கொடியை அப்படியே சமைக்க வேண்டாம், நல்ல தண்ணீரில் புதிதாக விட்ட தளிரை மட்டும் கிள்ளி, வேகவைத்தே சாப்பிடுங்கள்.