காபரேட்டர் மாற்றப் போறீங்களா? காசை வீணாக்கும் பிழைகள்

காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் காபரேட்டர். 100 சிசி பைக்குக்கு 28 மில்லிமீற்றர் துளையுள்ள காபரேட்டர் பூட்டினால் இழுவை கூடும் என்று நினைப்பதுதான் பெரிய பிழை. துளை பெரிதானால் குறைந்த வேகத்தில் அதற்குள்ளால் போகும் காற்று மெதுவாகிவிடும், மெதுவான காற்றால் ஜெட்டிலிருந்து (பெற்றோல் வரும் சிறு துளையுள்ள பித்தளைப் பாகம்) பெற்றோலை ஒழுங்காக உறிஞ்ச முடியாது, கடைசியில் உவர்மலை ஏற்றத்தில் பைக் திணறும், பெற்றோலும் கூடுதலாகக் குடிக்கும். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்குமோ அதற்கேற்ற அளவுதான் வேண்டும்.

அதுக்கும் முதல், பழையது உண்மையிலேயே பழுதா என்று பாருங்கள். திருகோணமலை உப்புக்காற்றில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும், நாள்கணக்கில் நிற்கும் பைக்கில் பெற்றோல் காய்ந்து பசையாகி, குறைந்த வேகத்தில் பெற்றோல் கொடுக்கும் பைலட் ஜெட்டை அடைத்துவிடும். கழுவி, ரிப்பேர் கிற் போட்டாலே பல பைக்குகள் சரியாகிவிடும், செலவும் குறைவு. ஆனால் ஜெட்டை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள்! பித்தளை மெதுமையானது, துளை கொஞ்சம் பெருத்தாலும் கலவை மாறிவிடும். கிளீனர் அடித்து காற்றால் ஊதினால் போதும்.

எயர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடுவதை என்னால் பார்க்கவே முடியாது. நிலாவெளிப் பக்கத்து மணல் நேரே சிலிண்டருக்குள் போய் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு பிறகு சிலிண்டரைக் கடையும் போரிங்குக்குப் போகும்.

மலிவு விலையில் பெரிய கம்பனிப் பெயர் பொறித்து விற்பவற்றில் போலிகள் நிறைய. ஜெட்டில் எழுதிய இலக்கத்தை அப்படியே நம்ப முடியாது.

புதிதாகப் பூட்டினால், காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் மனிஃபோல்ட் ரப்பரையும் ஓ ரிங்கையும் மாற்றுங்கள், பழைய வெடித்த ரப்பரோடு விட்டால் வெளிக்காற்று புகுந்து சிலோ (அக்சிலேட்டர் முறுக்காமல் எஞ்சின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், அப்புறம் எவ்வளவு டியூன் பண்ணினாலும் நிற்காது. காற்று, பெற்றோல் அளவைச் சரிசெய்யும் கலவை ஸ்குரூவிலும் கவனம்: அது ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே முறுக்கப் பெற்றோல் கூடும், எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே முறுக்கத்தான் கூடும். இது தெரியாமல் மாறி முறுக்குகிறவர்கள் ஏராளம்.

கொஞ்ச தூரம் ஓடிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் மண்ணிறம் என்றால் சரி, கரிபிடித்திருந்தால் பெற்றோல் கூட, வெள்ளையாக வெளிறியிருந்தால் குறைவு. வெள்ளையோடு தொடர்ந்து ஓடினால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும், அதனால் கூடிய வேகத்தில் பெற்றோல் கொடுக்கும் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிவிட்டே கந்தளாய்ப் பக்கம் தூரப் பயணம் போங்கள். கழற்றிய பழைய காபரேட்டரை வீசவும் வேண்டாம், புதியது சரிவராவிட்டால் அன்றைக்கே திரும்பப் பூட்டலாம்.